முப்பத்தெட்டரை மாத்திரை: மருத்துவப் பதிவுத் திரையை வடிவமைப்பது யார்?

2013ஆம் ஆண்டு ஜூலை மாதம். சான் பிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் மருத்துவமனையில், பெருங்குடல் பரிசோதனைக்காக 16 வயதுச் சிறுவன் ஒருவன் சேர்க்கப்பட்டான். பிறவியிலேயே நோய் எதிர்ப்புக் குறைபாடு உள்ளவன். தொற்று அண்டாமலிருக்கக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று செப்ட்ரா மாத்திரை சாப்பிட்டு வந்தான். மருத்துவமனையிலும் அதைத் தொடர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அன்றிரவு செவிலியர் அவன் கையில் கொடுத்தது முப்பத்தெட்டரை மாத்திரை. அத்தனையையும் விழுங்கினான். சில மணி நேரத்தில் வலிப்பு வந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டான்.

கிறுக்கலான கையெழுத்தைத் தவறாகப் படித்ததால் நடந்ததல்ல இது. மருந்துச் சீட்டு எழுதுவது கணினியில். மாத்திரைகளைப் பொட்டலம் கட்டுவது ரோபோ. நோயாளிக்குக் கொடுக்கும் முன் சரிபார்ப்பது பார்கோடு. அமெரிக்காவில் இதைவிட நவீனமான ஏற்பாடு அப்போது அதிகம் இல்லை. அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பேராசிரியர் ராபர்ட் வாக்டர் இந்தச் சம்பவத்தைத் துருவி ஆராய்ந்து, 2015இல் வெளியான ‘தி டிஜிட்டல் டாக்டர்’ நூலில் ஒளிவுமறைவின்றி எழுதினார். மருத்துவமனையும் அதற்கு அனுமதித்தது. அந்தப் பெருந்தன்மை எளிதில் காணக் கிடைப்பதல்ல.

எடை 40 கிலோவுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மருந்தளவை, ‘கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்’ என்றுதான் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. சிறுவனின் எடை 38.6 கிலோ. பயிற்சியில் இருந்த மருத்துவர் விதிப்படி கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று பதிந்தார். கணினி பெருக்கி 193 மில்லிகிராம் என்றது. அப்படி ஒரு மாத்திரை கிடையாது, இருப்பது 160. கணக்கில் வரும் அளவுக்கும் மாத்திரையின் அளவுக்கும் 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மருத்துவரே திருத்தி எழுத வேண்டும் என்பது இன்னொரு விதி. அதன்படி திருத்தச் சொல்லி மருந்தாளுநர் செய்தி அனுப்பினார். மருத்துவர் மறுபடி திரையைத் திறந்து 160 என்று தட்டினார். பக்கத்தில் அலகைக் காட்டும் சிறு பெட்டி ‘கிலோவுக்கு மில்லிகிராம்’ என்றே நின்றிருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. வெறும் 160 என்று அவர் நினைத்தது கிலோவுக்கு 160 ஆயிற்று. சிறுவனின் எடையால் பெருக்கி, மாத்திரையின் அளவால் வகுத்து, அரை மாத்திரைக்குத் திருத்தினால் முப்பத்தெட்டரை.

கணினி எச்சரிக்காமல் இல்லை. மருத்துவரிடமும் சொன்னது, மருந்தாளுநரிடமும் சொன்னது. இருவருமே அதைத் தள்ளிவிட்டு மேலே போனார்கள். ஏன் என்பதற்கு வாக்டர் தரும் எண்களே பதில். அந்த மருத்துவமனையில் மாதத்துக்குச் சுமார் 3,50,000 மருந்து உத்தரவுகள் பதிவாகும். ஏறக்குறைய பாதி உத்தரவுகளுக்கு மருந்தாளுநரின் திரையில் எச்சரிக்கைப் பெட்டி குதிக்கும். மருத்துவர்களுக்கு மாதம் 17,000. ‘புலி வருது’ கதையில் சிறுவன் கூவியதைப் போலத்தான். சின்ன அளவு வித்தியாசத்துக்கும் முப்பத்தொன்பது மடங்கு அதிக அளவுக்கும் ஒரே பெட்டி, ஒரே நிறம், ஒரே தொனி. புலிக்கும் பூனைக்கும் ஒரே கூவல் என்றால் ஊர் திரும்பிப் பார்க்காது.

ரோபோ சொன்னபடி கட்டிக் கொடுத்தது. இரவுப் பணிக்கு வேறு வார்டிலிருந்து அனுப்பப்பட்டிருந்த செவிலியருக்கு இத்தனை மாத்திரையா என்று சந்தேகம் வந்தது. மருத்துவரும் மருந்தாளுநரும் பார்த்து அனுப்பியதுதானே என்றும் தோன்றியது. பார்கோடை வருடினார். உத்தரவில் உள்ளதும் கையில் உள்ளதும் ஒன்றுதான் என்று கருவி உறுதி சொன்னது. கருவி பொய் சொல்லவில்லை. உத்தரவு சரியா என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை; அந்தக் கேள்விக்கு அது செய்யப்படவும் இல்லை.

மின்னணு மருத்துவப் பதிவைப் பற்றிய பேச்சில் ‘பயன்படுத்த எளிதா’ என்ற கேள்வியை ஒப்பனை விவகாரமாக நினைப்பவர்கள் அந்த அலகுப் பெட்டியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அது ‘கிலோவுக்கு’ என்று தானாக வந்து நிற்க வேண்டும் என்பது யாரோ எடுத்த முடிவு. 40 கிலோ என்ற எல்லைக்கோடும், 5 சதவீதம் என்ற வரம்பும் அப்படியே. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு. குழந்தைகளைக் காக்கவே அவற்றை எழுதினார்கள். ஆனால் அவற்றை எழுதியவர்கள், இரவில் பத்து வேலைக்கு நடுவே அந்தத் திரையின் முன் நிற்பவர்களின் இடத்திலிருந்து அவற்றைப் பார்த்திருக்கவில்லை. கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்தத் துறையில் நன்றாக நடந்தவற்றையும் கெட்டுப்போனவற்றையும் அடுக்கினால், பெரும்பாலானவற்றை விளக்கிவிடுகிற ஒரே கேள்வி எனக்குத் தெரிந்து இதுதான்: திரையைத் தீர்மானித்தவருக்கும் அதில் வேலை செய்தவருக்கும் இடையே எவ்வளவு தூரம் இருந்தது?

ஒரே மென்பொருள், இரண்டு ஊர்கள்

இந்தத் தூரத்தை அளக்க வரலாறே ஒரு சோதனையை நடத்திக் கொடுத்தது. பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனை 2002 அக்டோபரில், ஒரே வாரத்துக்குள், மருந்து உத்தரவுகளைக் காகிதத்திலிருந்து கணினிக்கு மாற்றியது. வெளியூர் மருத்துவமனைகளிலிருந்து அவசரமாகக் கொண்டுவரப்படும் குழந்தைகளின் பதிவுகளை மருத்துவர் யோங் ஹானும் சகாக்களும் பிறகு ஆராய்ந்தார்கள். 18 மாதங்களில் 1,942 குழந்தைகள். கணினிக்கு முந்தைய 13 மாதங்களில் இறப்பு 2.80 சதவீதம், பிந்தைய 5 மாதங்களில் 6.57 சதவீதம். 2005 டிசம்பரில் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் இது வெளியானபோது மருத்துவத் தகவல் துறையே அதிர்ந்துபோயிற்று. உயிர் காக்க வந்த கருவி என்றுதானே அதுவரை பேச்சு!

காரணங்களைப் படித்தால் அதிர்ச்சி குறைந்து, புரிதல் கூடும். முன்பு குழந்தை ஆம்புலன்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே மருத்துவர் உத்தரவு எழுதிவிடுவார்; செவிலியர் மருந்தைத் தயாராக வைத்திருப்பார். புதிய அமைப்பிலோ, குழந்தை வாசலுக்கு வந்து பதிவான பிறகுதான் உத்தரவே எழுத முடியும். சில நொடிகளில் கையால் எழுதிய ஒரு வரிக்கு இப்போது பத்து கிளிக், ஒன்றிரண்டு நிமிடம். மருந்துகள் வார்டிலிருந்து மத்திய மருந்தகத்துக்குப் போயின. குழந்தையின் படுக்கையருகே நிற்க வேண்டிய மருத்துவர்களில் ஒருவர் கணினி முன்னால் உட்கார வேண்டியதாயிற்று. அதிர்ச்சி நிலையில் வரும் குழந்தைக்கு முதல் சில நிமிடங்கள் என்னென்ன பொருள் தரும் என்பது தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்றவர்களுக்குத் தெரியும்.

சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையும் அதே நிறுவனத்தின் அதே மென்பொருளைத்தான் வாங்கியது. ஆனால் அவர்கள் முன்னேற்பாடாகப் பிட்ஸ்பர்க் போய்ப் பார்த்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் அடிக்கடி தேவைப்படும் உத்தரவுகளைத் தொகுப்பு தொகுப்பாக முன்கூட்டியே அமைத்தார்கள். ஒரு தொகுப்பைத் தேர்ந்தால் போதும். பத்து உத்தரவுகளுக்கு நூறு கிளிக் தேவையில்லை. முந்தைய 13 மாதங்களையும் பிந்தைய 13 மாதங்களையும் ஒப்பிட்டபோது இறப்பு கூடவில்லை, 4.22 சதவீதத்திலிருந்து 3.46 சதவீதமாகச் சற்றுக் குறைந்தே இருந்தது. புள்ளியியலின்படி அந்தக் குறைவை வெற்றி என்று சொல்லிவிட முடியாது. பிட்ஸ்பர்க்கில் நடந்தது நடக்கவில்லை என்று சொல்லலாம், அது போதும்.

எனவே ‘எந்த மென்பொருள் நல்லது’ என்ற கேள்வி பாதிக் கேள்விதான். மெட்ஸ்டார் ஆய்வு மையத்தின் ராஜ் ரத்வானி குழுவினர் 2018இல் இதை இன்னும் நுணுக்கமாகக் காட்டினார்கள். எபிக், செர்னர் என்ற இரு பெரும் நிறுவனங்களின் மென்பொருளைப் பயன்படுத்தும் நான்கு மருத்துவமனைகளில், அவசரப் பிரிவு மருத்துவர்களிடம் ஒரே மாதிரியான வேலைகளைக் கொடுத்துக் கவனித்தார்கள். சில வேலைகளுக்கு இடத்துக்கு இடம் நேரத்தில் ஒன்பது மடங்கும் கிளிக்குகளில் எட்டு மடங்கும் வித்தியாசம். ப்ரெட்னிசோன் மருந்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே போகும்படி எழுதச் சொன்னபோது, ஓர் இடத்தில் பிழை 16.7 சதவீதம், இன்னோர் இடத்தில் 50 சதவீதம். பாதிப் பேர் தவறு செய்கிற திரையில் தவறு செய்தவரைத் தேடுவது வீண்வேலை.

வார்டில் பிறந்தவை

மின்னணுப் பதிவு தொடக்கத்தில் இப்படித் தொலைவிலிருந்து வந்து இறங்கிய பொருளாக இருக்கவில்லை. பின்னாளில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லாரன்ஸ் வீட் 1968இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, நோயாளியின் பதிவை எழுதும் முறையையே மாற்றக் கோரியது. துறைவாரியாக எழுதாதீர்கள், நோயாளியின் பிரச்சினைவாரியாக எழுதுங்கள் என்றார். நோயாளி சொல்வது, மருத்துவர் காண்பது, அவர் எண்ணுவது, அடுத்துச் செய்யப்போவது என்று நான்கு பகுதிகளாகக் குறிப்பு எழுத இன்றைய மருத்துவ மாணவர்கள் கற்பது வீட் வழிவந்த முறை. 1970களிலேயே தொடுதிரையில் இயங்கும் பதிவு அமைப்பை அவர் குழு வார்டில் வைத்துப் பார்த்தது. பதிவு என்பது மருத்துவரைச் சிந்திக்க வைக்கும் கருவி என்பது அவர் கட்சி.

இண்டியானாபொலிஸில் 1972இல் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனத்தின் பதிவு அமைப்பைத் தொடங்கிய கிளெமென்ட் மெக்டொனால்டும் மருத்துவர்தான். கணினி தரும் நினைவூட்டல்கள் பயன்படுகின்றனவா என்று சோதித்து 1976இல் அவர் வெளியிட்ட முடிவு இன்றும் பேசப்படுகிறது: கவனிக்க வேண்டிய நிகழ்வுகளில், நினைவூட்டல் இருந்தபோது மருத்துவர்கள் 51 சதவீதத்துக்கு எதிர்வினை ஆற்றினார்கள், இல்லாதபோது 22 சதவீதத்துக்கு. மருத்துவர் தவறவிடுவது அறியாமையால் அல்ல, தகவல் வெள்ளத்தில் மனித மூளைக்கு உள்ள எல்லையால்தான் என்றார் அவர். ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அளவாக வந்த நினைவூட்டல் உதவியது. மாதம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியபோது அதே நினைவூட்டல் இரைச்சலாயிற்று.

அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் ‘விஸ்டா’ என்ற பதிவு மென்பொருளின் கதை இன்னும் சுவையானது. 1970களின் பிற்பகுதியில் நாட்டின் பல ஊர்களில் இருந்த படைவீரர் நலத் துறை ஊழியர்கள், தலைமையகத்தின் எதிர்ப்பையும் மீறி, தத்தம் மருத்துவமனையின் தேவைக்கேற்ப நிரல் எழுதிப் பகிர்ந்துகொண்டார்கள். மருத்துவர் சொல்வார், பக்கத்து அறையில் இருப்பவர் எழுதுவார், மறுநாள் சரிபார்ப்பார்கள். மருந்து கொடுக்கும் முன் பார்கோடை வருடும் யோசனையும் அந்த வளாகங்களில்தான் பிறந்தது. கான்சாஸ் மாநிலம் டொபீகாவில் பணியாற்றிய செவிலியர் சூ கின்னிக், வாடகைக் காரைத் திருப்பி ஒப்படைக்கும் இடத்தில் ஊழியர் காரின் பார்கோடைக் கருவியால் வருடுவதைப் பார்த்தார். காருக்குச் செய்வதை நோயாளிக்கும் மருந்துக்கும் ஏன் செய்யக் கூடாது என்று கேட்டார். 1990களில் டொபீகாவில் சோதித்து, பிறகு நாடெங்கும் உள்ள படைவீரர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த விஸ்டாவுக்கு நேர்ந்த முடிவையும் இங்கேயே சொல்லிவிடலாம். பராமரிக்கச் செலவாகிறது, பழசாகிவிட்டது என்ற காரணங்களால் (அவற்றில் உண்மையும் உண்டு) அதைக் கைவிட்டு செர்னர் மென்பொருளுக்கு மாற 2018இல் சுமார் 1,000 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். முதலில் மாறியது 2020 அக்டோபரில், வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் மருத்துவமனை. அங்கே மருத்துவர் ஒரு பரிசோதனைக்கோ நிபுணரின் ஆலோசனைக்கோ உத்தரவு எழுதி அனுப்புவார். திரையும் அனுப்பியதாகவே காட்டும். போகும் இடம் அமைப்புக்குப் பிடிபடாவிட்டால் அந்த உத்தரவு தனியாக ஒரு வரிசையில் போய் விழும். அப்படி ஒரு வரிசை இருப்பதே அங்கிருந்த மருத்துவர்களுக்குத் தெரியாது. 11,000க்கு மேற்பட்ட உத்தரவுகள் அதில் சிக்கிக் கிடந்ததையும், 149 நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்ததையும் அத்துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2022 ஜூலை அறிக்கையில் வெளியிட்டது. 2023 ஏப்ரலில் பிற ஊர்களுக்குக் கொண்டுபோவதை நிறுத்தி வைத்தார்கள். தோல்வியை அறிவிக்காத திரைதான் திரைகளில் மிக ஆபத்தானது என்பேன்.

வாங்குபவர் வேறு, தட்டுபவர் வேறு

இடையில் நடந்தது பணம். 2008இல் அமெரிக்கப் பொது மருத்துவமனைகளில் அடிப்படை மின்னணுப் பதிவாவது இருந்தவை பத்தில் ஒன்றுகூட இல்லை. பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு 2009இல் வந்த ஹைடெக் சட்டம், மின்னணுப் பதிவுக்கு மாறும் மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஊக்கத்தொகை அறிவித்தது. போகப்போக 3,000 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. 2015இல் பத்தில் எட்டுக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் மாறிவிட்டன. பரவலைப் பொறுத்தவரை இதுபோன்ற வெற்றி அரிது. ஆனால் கெடு குறுகியது. நிபந்தனைகள் பலவும் ‘இதைப் பதிந்தாயா, அதைப் பதிந்தாயா’ என்று கேட்டன. நிறுவனங்கள் நிபந்தனைகளைத் திரையில் ஏற்றின. மருத்துவமனை நிர்வாகிகள் வாங்கினார்கள். மருத்துவர்களும் செவிலியர்களும் தட்டத் தொடங்கினார்கள்.

பயன்பாட்டுச் சோதனை நடத்த வேண்டும் என்ற விதியும் இருக்கத்தான் செய்தது. எப்படி நடந்தது என்று ரத்வானி குழு 2015இல் பார்த்தது. 41 நிறுவனங்களின் அறிக்கைகளில் 34 சதவீதம், பயனரை மையமாக வைத்து எப்படி வடிவமைத்தோம் என்று தெரிவிக்க வேண்டிய விதியை நிறைவேற்றவில்லை. 63 சதவீத நிறுவனங்கள், பரிந்துரைக்கப்பட்ட 15 பேரைவிடக் குறைவானவர்களை வைத்தே சோதனையை முடித்திருந்தன. மருத்துவர் ஒருவர்கூட இல்லாத சோதனைகளும் அவற்றில் உண்டு. எல்லாவற்றுக்கும் சான்றிதழ் கிடைத்தது.

விளைவு என்ன என்பதற்கு ஆய்வுகள் குவிந்து கிடக்கின்றன. எடுத்துக்காட்டுக்குச் சில போதும். பரபரப்பான பத்து மணி நேரப் பணியில் ஓர் அவசரப் பிரிவு மருத்துவர் சுமார் 4,000 முறை கிளிக் செய்கிறார் என்றது 2013 ஆய்வு ஒன்று. நோயாளியோடு நேருக்கு நேர் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கணினியிலும் மேசை வேலையிலும் போகிறது என்றது கிறிஸ்டின் சின்ஸ்கி குழுவின் 2016 ஆய்வு. வீட்டுக்குப் போன பிறகு இரவில் செய்வது தனி. 1986இல் ஜான் ப்ரூக் உருவாக்கிய, எந்தக் கருவிக்கும் நூற்றுக்கு இத்தனை என்று பயன்பாட்டு மதிப்பெண் தரும் எளிய வினாப்பட்டியல் ஒன்று உண்டு. அதில் கூகுள் தேடலுக்கு 93, மைக்ரோவேவ் அடுப்புக்கு 87, ஏ.டி.எம். இயந்திரத்துக்கு 82. எக்செலுக்கே 57. அமெரிக்க மருத்துவர்கள் தங்கள் மின்னணுப் பதிவுக்குத் தந்த சராசரி 45.9. எட்வர்ட் மெல்னிக் குழு இதை வெளியிட்டபோது இன்னொன்றையும் காட்டியது: மதிப்பெண் ஒன்று கூடக்கூட, மருத்துவர் பணிச்சோர்வில் விழும் வாய்ப்பு சுமார் 3 சதவீதம் குறைகிறது.

ஆனால் கிளிக்கை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது எனக்கு உடன்பாடில்லை. பெரிய கோளாறு, பதிவு யாருக்காக எழுதப்படுகிறது என்பதில் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் அதே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2017இல் 23,000க்கு மேற்பட்ட மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்தபோது, மருத்துவர் புதிதாகத் தட்டிய எழுத்து 18 சதவீதம். பழைய குறிப்பிலிருந்து வெட்டி ஒட்டியது 46 சதவீதம். கணினி தானாக இழுத்துப் போட்டது 36 சதவீதம். அமெரிக்கர்கள் எழுதும் குறிப்பு, அதே மென்பொருளைப் பயன்படுத்தும் பிற நாட்டவரின் குறிப்பைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு நீளம் என்று 2018இல் வேறொரு குழு சுட்டிக்காட்டியது. மென்பொருள் ஒன்றாக இருந்தும் நீளம் ஏன் நான்கு மடங்கு? அங்கே காப்பீட்டு நிறுவனம் தரும் தொகை குறிப்பில் எத்தனை அம்சங்கள் உள்ளன என்பதைப் பொறுத்திருந்தது. இரவில் வரும் அடுத்த மருத்துவருக்குத் தேவை நான்கு வரி; பில்லுக்குத் தேவை நான்கு பக்கம். நான்கு வரி அந்த நான்கு பக்கத்துக்குள் தொலைந்துபோகும். 2021 ஜனவரியில் வெளிநோயாளிக் கட்டண விதியைத் தளர்த்தினார்கள். பழக்கம் விதியைவிட மெதுவாகத்தான் மாறும்.

இப்போது மருத்துவரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டுக் குறிப்பைத் தானே எழுதும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. மருத்துவரின் கண் திரையை விட்டு நோயாளியிடம் திரும்பும் என்றால் மகிழ்ச்சிதான். ஆனால் யாரும் படிக்காத நீண்ட குறிப்பை இன்னும் வேகமாக உற்பத்தி செய்வது எப்படித் தீர்வாகும் என்பது எனக்கு விளங்கவில்லை.

கழிப்பதும் ஒரு வடிவமைப்பு

ஹவாய் பசிபிக் ஹெல்த் என்ற மருத்துவமனைக் குழுமத்தில் மெலிண்டா ஆஷ்டன் என்ற மருத்துவர் 2017 அக்டோபரில் ஓர் எளிய காரியம் செய்தார். பதிவில் அர்த்தமில்லாதது, தேவையில்லாதது என்று நீங்கள் நினைப்பதை எல்லாம் சொல்லுங்கள் என்று ஊழியர்களைக் கேட்டார். ‘முட்டாள்தனமானவற்றைக் கழித்துக்கட்டுவோம்’ என்று வெளிப்படையாகவே பெயரும் வைத்தார். வந்த பரிந்துரைகளில் சிலவற்றை உடனே நீக்கினார்கள். சிலவற்றில் திரை சரியாகவே இருந்தது, பயிற்சிதான் போதவில்லை. மணிக்கொரு முறை நோயாளியைப் பார்த்துவிட்டு வந்ததைச் செவிலியர் பதிய வேண்டியிருந்த வேலைக்கு மூன்று கிளிக், சுமார் 24 நொடி. அதை நீக்கியபோது நான்கு மருத்துவமனைகளிலும் சேர்த்து மாதம் 1,700 செவிலியர் மணி நேரம் மிச்சமாயிற்று. 24 நொடியை வடிவமைப்புக் கூட்டத்தில் யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். செய்கிறவருக்குத்தான் அது எத்தனை முறை என்று தெரியும்.

ஏழை நாடு ஒன்றின் எடுத்துக்காட்டு இதைவிடக் கூர்மையானது. 2000களின் தொடக்கத்தில் மலாவியின் தலைநகர் லிலாங்வேயில், கமுசு மத்திய மருத்துவமனையில், ஜெரி டக்ளஸ் என்ற கணினி அறிஞரின் முயற்சியில் பாவோபாப் என்ற சிறு அமைப்பு ஒரு பதிவு முறையை உருவாக்கியது. தட்டச்சுப் பழக்கமில்லாத செவிலியர், நம்ப முடியாத மின்சாரம், கூட்டம் அலைமோதும் எய்ட்ஸ் சிகிச்சைப் பிரிவு. விசைப்பலகையையே எடுத்துவிட்டார்கள். தொடுதிரை, ஒரு திரையில் ஒரே கேள்வி, விரலுக்கு அடங்கும் பெரிய பொத்தான்கள். அடுத்து என்ன கேட்பது என்பதை முந்தைய பதிலும் தேசிய சிகிச்சை நெறிமுறையும் தீர்மானிக்கும். மின்சாரம் போனாலும் பேட்டரியில் ஓடும். முடிவில் சின்ன அச்சு இயந்திரம் அன்றைய விவரத்தை ஒட்டுச்சீட்டாகத் தரும். அதை நோயாளி கையோடு வைத்திருக்கும் நலக் குறிப்பேட்டில் ஒட்டிவிடுவார்கள். நோயாளி கணினியே இல்லாத ஊருக்குப் போனாலும் பதிவு கூடவே போகும்.

காகிதத்தை ஒழிப்பதை அவர்கள் பெருமையாக நினைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காகிதம் எங்கே நன்றாக வேலை செய்கிறதோ அங்கே அதை விட்டுவைத்தார்கள். ஆண்டுக்கணக்கில் அனுபவமுள்ள நிறுவனங்களின் திரைகளில் எனக்குக் கிடைக்காத பணிவு அந்த ஒட்டுச்சீட்டில் தெரிகிறது.

நம் ஊர்க் கணக்கு

2021 செப்டம்பர் 27 அன்று ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்டது. குடிமகனுக்கு 14 இலக்க நல அடையாள எண் தருகிறது. தமிழ்நாடு அதற்கு முன்பே கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பின்தொடரும் பிக்மி பதிவை நடத்தி வருகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளவர்களின் விவரத்தை வீட்டு வாசலிலேயே பதியச் செய்கிறது. அமெரிக்கா 2009இல் நின்ற இடத்தில் நாம் இப்போது நிற்கிறோம் என்று சொன்னால் மிகையாகாது. ஒரு பெரிய வித்தியாசத்தோடு.

அந்த வித்தியாசம் நேரம். 67 நாடுகளின் மருத்துவ ஆலோசனை நேரத்தைத் தொகுத்த 2017 ஆய்வின்படி, ஸ்வீடனில் ஒரு நோயாளிக்கு 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 நொடி, இந்தியாவில் சுமார் 2 நிமிடம். திங்கட்கிழமை காலை அரசு மருத்துவமனை ஓ.பி. வரிசையில் நின்றவர்களுக்கு இந்த எண்ணில் வியப்பு இருக்காது. 22 நிமிடத்தில் 30 நொடியைத் திரை எடுத்துக்கொண்டால் மருத்துவர் முணுமுணுப்பார். 2 நிமிடத்தில் 30 நொடி போனால் கால்வாசி சிகிச்சை போயிற்று. அமெரிக்கத் திரையை அப்படியே இறக்கினால் இங்கே அது பயன்படாது; அதைவிட மோசமாக, கடமைக்கு நிரப்பப்படும். இரத்த அழுத்தம் எல்லோருக்கும் 120/80 என்று பதிந்திருக்கும் பேரேடுகள் காகிதக் காலத்திலேயே நாம் அறிந்தவைதாம். கட்டாயப் பெட்டியைக் கூட்டினால் அவை இன்னும் பெருகும்.

பெயர்ப் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரு கட்டங்களையும் கட்டாயமாகக் கேட்கும் மென்பொருளில் சு. செல்வி என்ன செய்வார்? ஓர் ஊரில் ‘சு’ குடும்பப்பெயராகும். இன்னோர் ஊரில் அப்பா பெயர் முழுதாக ஏறும். மூன்றாவது ஊரில் கணவர் பெயர். ஆங்கில எழுத்தில் செல்வியையே மூன்று விதமாக எழுதுவார்கள். ஒரே பெண் மூன்று நோயாளியாகிறார். பென்சிலின் ஒவ்வாமை முதல் பதிவில் மட்டும் இருக்கிறது. தொலைவில் ஒருவர் நல்லெண்ணத்தோடு வைத்த பெட்டி இங்கே என்ன செய்யும் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு தேவையில்லை.

கிராமச் சுகாதாரச் செவிலியரின் நிலை இன்னும் கடினம். பதிவேட்டில் ஒரு முறை, கணினியிலோ கைப்பேசியிலோ ஒரு முறை என்று ஒரே விவரத்தை இருமுறை எழுதுவது அவர்களின் நெடுநாள் குறை. இருமுறை எழுதுகிறவருக்கு அந்தப் பதிவிலிருந்து என்ன திரும்பக் கிடைக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் விடை இருக்காது. விவரம் மேலே போகிறது. மாவட்டத்துக்கு அட்டவணை, தலைநகருக்கு விழுக்காடு. அடுத்த வாரம் எந்தெந்தக் கர்ப்பிணிகளுக்கு இரத்தச்சோகைப் பரிசோதனை, யாருக்கு ஊசி தவறியது என்ற பட்டியல் அவர் கையில் காலையில் வந்து நின்றால், பதிவு அவருக்கும் வேலை செய்கிறது. ரீகன்ஸ்ட்ரீஃபில் 1976இல் பலித்த உதவியும் ஏறக்குறைய இதுதான்.

நம்மிடம் வாய்ப்பும் இருக்கிறது. சத்தீஸ்கரின் கனியாரியில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் நடத்தும் கிராமப்புற மருத்துவமனையில் உருவாகி வளர்ந்த ‘பாம்னி’ மென்பொருள், திறந்த மூலக் கட்டமைப்பான ஓப்பன்எம்ஆர்எஸ் மீது கட்டப்பட்டது. பழங்குடி மக்கள் வரும் மருத்துவமனையின் தேவையிலிருந்து பிறந்த அது இன்று வேறு பல நாடுகளிலும் ஓடுகிறது. வார்டுக்குப் பக்கத்து அறையில் நிரல் எழுதும் விஸ்டா மரபு இந்தியாவில் முடியாதது அல்ல.

அரசு மென்பொருள் வாங்கும்போது டெண்டரில் சர்வர் எத்தனை, ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அதோடு சில வரிகள் சேரலாம். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனை, ஓர் ஆரம்பச் சுகாதார நிலையம், ஒரு துணைச் சுகாதார நிலையம் ஆகியவற்றின் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் ஆகியோரை வைத்து, கூட்டமுள்ள நாளில், அவர்கள் அன்றாடம் செய்யும் வேலைகளைத் திரையில் செய்யவைத்துப் பார்க்க வேண்டும். எடுத்த நேரம், நேர்ந்த பிழை, தேவைப்பட்ட கிளிக் மூன்றையும் பொதுவில் வெளியிட வேண்டும். குழந்தையின் எடை, மருந்தின் அலகு, சிறுநீரகச் செயல்பாட்டுக்கு ஏற்ற அளவு ஆகியவற்றில் வேண்டுமென்றே தவறான உத்தரவைப் பதிந்து, திரை தடுக்கிறதா என்று பார்ப்பதும் அந்தச் சோதனையில் சேர வேண்டும். ஓடத் தொடங்கிய பிறகு ஒரு பெட்டியை நீக்கக் கோரும் செவிலியருக்கு இத்தனை நாளுக்குள் பதில் என்ற நிபந்தனை தேவை. நீக்க மறுத்தால் அந்த விவரத்தை யார் படிக்கிறார், எதற்காகப் படிக்கிறார் என்று மறுப்பவர் எழுத்தில் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் புதுச் சட்டம் வேண்டாம். ஓர் அரசாணை போதும்.